ஆணிக்கால் செதுக்குவது யார் வேலை?

வடசென்னையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. கொருக்குப்பேட்டையில் குடியிருக்கிறோம். பிளஸ் டூ முடித்து, தனியார் நிறுவனம் ஒன்றில் ஒரு வருட நர்சிங் அசிஸ்டன்ட் சர்டிபிகேட் வாங்கினேன். ஏஜென்சி மூலமாக ஓர் அரசு சுகாதார நிலையத்தில் வேலை. ஆர்டரில் ‘பல்நோக்குப் பணியாளர்’ என்றுதான் போட்டிருக்கிறது. அங்கே வாரத்தில் இரண்டு நாள் சுகர் நோயாளிகளுக்குக் கால் பார்ப்பார்கள். பயிற்சி எடுத்திருந்த ஸ்டாஃப் நர்ஸ் அக்கா மாறுதலில் போய்விட்டார், பதிலுக்கு யாரும் வரவில்லை. அவர் கூட நின்று பார்த்ததை வைத்து உணர்ச்சி டெஸ்ட், புண்ணுக்குக் கட்டு, காய்ப்பையும் ஆணியையும் பிளேடால் செதுக்குவது என எல்லாவற்றையும் நானே செய்துவந்தேன். டாக்டருக்கும் தெரியும். எனக்குச் சரியாகத்தான் வரும், அதுவரை ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதம் முன்பு, துறைமுகத்தில் லோடு வேலை பார்ப்பவர் ஒருவருக்குக் கால் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த காய்ப்பைச் செதுக்கினேன். ரத்தம்கூட வரவில்லை. பத்து நாளில் சீழ் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அவருடைய மகன் வந்து சத்தம் போட்டார், போலீசுக்குப் போவேன் என்கிறார். டாக்டரோ ‘நான் பிளேடு எடுக்கச் சொல்லவே இல்லையே’ என்கிறார். என்னை ஜெயிலில் போடுவார்களா? அரசு இடத்தில் செய்த வேலைக்கு அரசுதானே பொறுப்பு? ஆறு மாத ஆன்லைன் ‘பாத சிகிச்சை நிபுணர்’ கோர்ஸ் ஒன்று 48,000 ரூபாய்க்கு இருக்கிறது. அதை முடித்தால் எனக்குப் பாதுகாப்பா? பிறகு மூலக்கடை பக்கம் சொந்தமாகக் கால் கிளினிக் வைக்கலாமா? வெளிநாட்டில் இதெல்லாம் ஒழுங்காக இருக்குமாம். வக்கீல் வைக்கப் பணம் இல்லை. கணவர் வேலையை விட்டுவிடச் சொல்கிறார்.

பதில்:

சகோதரி, நீங்கள் சட்டத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த மனிதரின் காலிலிருந்து ஆரம்பிக்கிறேன். ‘நான் பிளேடு வைத்தேன், அதனால் விரல் போனது’ என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். உங்கள் பயம் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சுகரில் நரம்பு மரத்துப்போனவருக்குப் பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கும். அங்கே தோல் தடித்துக் காய்ப்பு கட்டும். வலி தெரிகிறவர் என்றால் நொண்டுவார், காலை மாற்றி ஊன்றுவார். இவருக்குத் தெரியாது. மூட்டையைச் சுமந்துகொண்டு அதே இடத்தில்தான் மிதிப்பார். கொஞ்ச நாளில் காய்ப்புக்கு அடியில் சதை நசுங்கி, வெளியே தெரியாமலே உள்ளே புண் வந்துவிடும். காய்ப்பின் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் செதுக்கிய அன்றே அந்தப் புண் உள்ளே இருந்திருக்கலாம். காலில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருந்து, அதனால் சாதாரணக் கீறல்கூட ஆறாமல் போயிருக்கலாம். பிளேடு கண்ணுக்குத் தெரியாத அளவு ஆழமாகப் போய், அதன் வழியே கிருமி நுழைந்திருக்கவும் கூடும். அல்லது வீட்டுக்குப் போய் அவர் எருக்கம்பாலோ, மருந்துக்கடையில் வாங்கிய கார்ன் பிளாஸ்திரியோ போட்டிருக்கலாம். அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது தோலை அரிக்கிற அமிலம். மரத்துப்போன காலுக்கு அது ஆகவே ஆகாது, ஆனால் நம் ஊரில் ஆணிக்கால் என்றாலே முதலில் கடையில் கேட்பது அதைத்தான்.

இதில் எது நடந்தது என்பது விரலை எடுத்த ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டில் ஓரளவு தெரியும். புண் எவ்வளவு ஆழம், எலும்பு வரை போயிருந்ததா, டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் எப்படி இருந்தது என்று எழுதியிருப்பார்கள். உங்கள் மேல் தவறே இல்லை என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. நீங்கள்தான் காரணம் என்று அவருடைய மகனும் இப்போதே அடித்துச் சொல்ல முடியாது.

நான் கேட்கும் கேள்வி வேறு. பிளேடு எடுக்கும் முன் பாதத்தின் மேல்புறமும், கணுக்காலுக்கு உள்பக்கம் பின்னாலும் யாராவது நாடி பார்த்தார்களா? கணுக்காலின் பிரஷரைக் கையின் பிரஷரோடு ஒப்பிடும் ஏ.பி.ஐ. டெஸ்ட் எடுத்தார்களா? அது 0.9-க்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். சுகர் பல வருடம் இருந்தவர்களுக்குக் குழாயே இறுகிப்போய் எண் கூடுதலாகவும் காட்டும், அதைப் பார்த்து ‘நார்மல்’ என்று நம்பக்கூடாது. உங்கள் கடிதத்தில் உணர்ச்சி டெஸ்ட் பற்றி இருக்கிறது, நாடி பற்றி ஒரு வரி இல்லை. ரத்த ஓட்டம் எப்படி என்று தெரியாத காலில் யாருமே பிளேடு வைக்கக்கூடாது, சர்ஜனாக இருந்தாலும். இதை உங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட நின்று பார்த்துக் கற்பதில் இதுதான் சிக்கல்: கை எப்படிப் போகிறது என்று பார்க்கலாம், அந்தக் கை எந்தக் காலைத் தொடாமல் விட்டது, ஏன் விட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது.

ஜெயிலா?

கவனக்குறைவால் ஒருவருக்குக் கொடுங்காயம் ஏற்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு வரும். 2024 ஜூலை 1 முதல் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. அதிகபட்சம் மூன்று வருடம் சிறை என்று இருந்தாலும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். புகார் கொடுத்த அன்றே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னபடி, டாக்டர் மீது இப்படிப் புகார் வந்தால், போலீஸ் மேலே போகும் முன் விவரம் தெரிந்த வேறொரு மருத்துவரிடம், முடிந்தால் அரசு மருத்துவரிடம், கருத்துக் கேட்க வேண்டும்.

ஆனால் அதே தீர்ப்பில் உங்களுக்குச் சாதகமில்லாத ஒன்றும் இருக்கிறது. இருப்பதாகக் காட்டிக்கொண்ட திறமை உண்மையில் இல்லாமல் இருப்பதும் கவனக்குறைவுதான் என்கிறது அது. ‘எனக்குச் சரியாகத்தான் வரும், இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த வாதம் அங்கே எடுபடாது. பயிற்சி இருந்ததா என்றுதான் கேட்பார்கள்.

அரசு பொறுப்பேற்குமா?

பாதி சரி. அரசு ஆஸ்பத்திரியில் ஊழியர் செய்த தவறுக்கு அரசு நஷ்டஈடு தரவேண்டும் என்று 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் ஏஜென்சி ஆள் என்பதால் மட்டும் அந்த நிலையம் கைகழுவிவிட முடியாது. அங்கே இலவச சிகிச்சை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் பெரும்பாலும் போக முடியாது. வி.பி. சாந்தா வழக்கின் 1995 தீர்ப்பு, எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் இடங்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. சிவில் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் அந்தக் குடும்பத்துக்குத் திறந்துதான் இருக்கின்றன.

இதெல்லாம் பண விஷயம். கிரிமினல் பொறுப்பு அவரவர் மேல்தான் விழும், அரசு உங்களுக்குப் பதிலாக நிற்காது. டாக்டருக்கும் இது பொருந்தும். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டிச் சாவியைக் கொடுத்தால், ஓட்டியவர் மேலும் கேஸ் வரும், கொடுத்தவர் மேலும் வரும். அவர் ‘சொல்லவே இல்லை’ என்று இப்போது சொல்வதற்கு இந்தப் பயம்தான் காரணம். அவரை வில்லனாக்காதீர்கள். காலையில் புறநோயாளி வரிசை தெருவரை நிற்கும்போது, கால் பார்க்கும் நாளை ரத்து செய்வதா, கையில் இருக்கும் ஆளை வைத்து ஓட்டுவதா என்று அவர் யோசித்திருப்பார். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். எழுத்தில் எதையும் கொடுக்காமல் தேர்ந்தெடுத்தது மட்டும் நியாயமில்லை.

இந்தக் குறை உங்கள் நிலையத்தோடு முடிவதும் இல்லை. சுகர் நோயாளியின் காலை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்க வேண்டும் என்று ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தை அரசு கொண்டுவந்திருக்கிறது. நல்ல திட்டம், நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் கால் பார்ப்பதையே முழுநேர வேலையாக வைத்து ஒரு பதவி நம் சுகாதார நிலையங்களில் இல்லை. சர்ஜன், சுகர் டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், செயற்கைக்கால் டெக்னீஷியன் என்று அது பலர் கையில் பிரிந்து கிடக்கிறது. பயிற்சி நர்ஸுக்குக் கொடுக்கிறார்கள். நர்ஸ் மாறுதலில் போனால் பயிற்சியும் கூடவே போய்விடுகிறது, வேலை மட்டும் அங்கேயே நிற்கிறது. கடைசியில் அதை யார் எடுத்துச் செய்கிறாரோ அவர் உங்களைப் போல் ஏஜென்சி ஆளாக இருப்பார். தமிழ்நாட்டுக்கு இந்த வேலை புதிதும் இல்லை. 1950-களில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற சர்ஜன் தொழுநோயாளிகளின் காலை வைத்துக் காட்டியது இதைத்தான்: வலி தெரியாமல் மிதித்து நடப்பதுதான் பாதப் புண்ணுக்குப் பெரிய காரணம். இன்று சுகர் நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு தொழுநோய்ப் பணியில் பழகியதுதான். அறிவு நம்மிடமே இருந்தது. அதற்கு ஒரு நாற்காலி போடாமல் விட்டுவிட்டோம்.

48,000 ரூபாய் சர்டிபிகேட்

வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2021-இல் நாடாளுமன்றம் துணை மருத்துவப் பணிகளுக்கென்று தேசிய ஆணையம் அமைக்கும் சட்டம் கொண்டுவந்தது. அதன் அட்டவணையில் பாத சிகிச்சையாளர், அதாவது போடியாட்ரிஸ்ட், பெயர் சொல்லியே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் துணை மருத்துவப் பணியாளருக்கு டிப்ளமோவோ டிகிரியோ குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு வருடம் இருக்க வேண்டும். அதற்கு மேல்படியில் இருப்பவர்களுக்கு 3,600 மணி நேரம். உங்கள் ஆறு மாதக் கோர்ஸில் தினம் எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் உட்கார்ந்தாலும் 1,248 மணி நேரம்தான் வரும். அதுவும் ஆன்லைனில். ஒரு காலைக்கூடத் தொடாமல் ‘நிபுணர்’ என்று அச்சடித்துக் கொடுப்பார்கள்.

அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றும் என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. இப்போது உங்களை யாராவது கேட்டால் ‘நான் பல்நோக்குப் பணியாளர், வேறு ஆள் இல்லாததால் என்னிடம் வேலை வந்தது’ என்று சொல்ல முடியும். அந்த சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டிய பிறகு, நிபுணர் என்று நீங்களே சொல்லிக்கொண்டதாக ஆகிவிடும்.

வெளிநாட்டில் இதெல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனில் ‘போடியாட்ரிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள அரசுப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்பது உண்மை. அங்கேயும் வேறு பட்டப்பெயரை வைத்துக்கொண்டு பதிவில்லாமல் கால் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

படிக்க வேண்டும் என்ற ஆசை உண்மை என்றால், அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் துணை மருத்துவப் படிப்புகளைப் பாருங்கள். கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு வருடா வருடம் அறிவிப்பு வெளியிடும். நர்சிங் டிப்ளமோ, பிசியோதெரபி, செயற்கைக்கால் தொழில்நுட்பம் என எந்த வழியில் போனாலும் கால் பார்க்கும் வேலைக்கு வரலாம். பிளஸ் டூ-வில் என்ன பாடம் எடுத்தீர்கள், வயது வரம்பு என்ன என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் கிளினிக்

புண்ணும் காய்ப்பும் பார்க்கும் இடம் அழகு நிலையம் ஆகாது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன் கீழ் பதிவு செய்ய வேண்டும். தகுதியுள்ள டாக்டர் இல்லாமல் பதிவு கிடைக்காது. மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். சீழ் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், பிளேடு குத்தாத வெள்ளை டப்பாவில் போகவேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். நீங்களாக ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்தால், தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி பதிவில்லாமல் மருத்துவம் பார்த்ததாக ஆகும். ஒரு வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். பணம் வாங்கிப் பார்ப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் தாராளமாகப் போவார்கள். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது.

ஆரோக்கியமான காலுக்குப் பெடிக்யூர் செய்யும் கடை வைப்பது வேறு விஷயம், அதற்குத் தடை இல்லை. சுகர் இருப்பவரை மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது எது?

இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு ஒன்றுமே வராது என்று நான் சொல்வதுபோல் ஆகிவிடும். கால் காப்பாற்றும் வேலையில் பிளேடு சின்னப் பங்குதான். பெரிய பங்கு பார்ப்பது, கேட்பது, எழுதி வைப்பது, மறுபடி வரவழைப்பது. செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே கைவிட்டு ஆணி, கல் இருக்கிறதா என்று பாருங்கள். விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்று பாருங்கள். வியாசர்பாடியில் மழைத்தண்ணீர் நின்றாலும், காசிமேட்டில் மீன் ஏலத்தில் நாள் முழுக்கக் கால் நனைந்தாலும் முதலில் வெடிப்பது அங்கேதான். உணர்ச்சி டெஸ்டுக்கான 10 கிராம் நைலான் இழையைக் காய்ப்பு இல்லாத இடத்தில், நோயாளி கண்ணை மூடியிருக்கும்போது, வளையும் வரை அழுத்துங்கள். காய்ப்பின் மேல் வைத்தால் உணர்ச்சி இருப்பவருக்கும் தெரியாது, ரிசல்ட் தப்பாகிவிடும். தொடர்ந்து பலருக்கு வைத்தால் இழை தளர்ந்துவிடும், அதற்கு ஓய்வு கொடுங்கள்.

அப்புறம் யார் எப்போது வர வேண்டும் என்று பிரித்து வையுங்கள். உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் வருடம் ஒருமுறை. ஒன்று மட்டும் குறைந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள். இரண்டுமே குறைந்திருந்தாலோ, ஒன்றோடு பாத வடிவமும் மாறியிருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். முன்பே புண் வந்தவர், விரல் எடுத்தவர் என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள். இது உலக அளவில் ஒத்துக்கொண்ட கணக்கு. இதை ஒரு நோட்டில் போட்டு, வராதவருக்கு போன் செய்தாலே நிறையக் காலைக் காப்பாற்றலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர் அக்காக்களிடம் வராதவர்களின் பட்டியலைக் கொடுங்கள், தெரு தெருவாக அவர்களுக்குத் தெரியும். இதிலும் டாக்டரின் மேற்பார்வையும் முறையான பயிற்சியும் வேண்டும், ஆனால் இதைச் செய்ததற்காக யாரும் உங்கள் மேல் கேஸ் போடமாட்டார்கள்.

விரல் இழந்த அந்த மனிதர் இப்போது கடைசிப் பிரிவில் இருக்கிறார். அடுத்த காலும் ஆபத்தில்தான் இருக்கிறது. அவர் உங்கள் நிலையத்துக்கு வர விரும்பமாட்டார். ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனையில் அவருடைய கால் தொடர்ந்து பார்க்கப்படுகிறதா என்று டாக்டர் மூலம் விசாரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தனியாக அந்த வீட்டுக்குப் போகாதீர்கள். பணம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

இந்த வாரமே செய்யவேண்டியது

முதலில், பழைய ரெஜிஸ்டரில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள், யார் சொன்னாலும். விட்டுப்போனதை இப்போது சேர்ப்பதும் மாற்றுவதுதான். உங்கள் வேலை ஆர்டர், டியூட்டி பட்டியல், ‘இன்று கால் கிளினிக் நீ பார்த்துக்கொள்’ என்பதுபோல் வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். நோயாளிகளின் படங்களை வைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு வம்பு.

பிறகு டாக்டருக்கும் ஏஜென்சிக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். தோல் செதுக்கும் பயிற்சி எனக்கு இல்லை, இன்றிலிருந்து அதைச் செய்ய மாட்டேன், கட்டுப் போடுவதையும் பரிசோதனையையும் எழுத்தில் உத்தரவு கொடுத்தால் செய்கிறேன், பயிற்சி பெற்ற நர்ஸை நியமிக்கக் கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தால் போதும். யார் மேலும் குற்றம் சொல்லாதீர்கள். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே மஞ்சள் காமாலை பி ஊசி உங்களுக்குப் போட்டார்களா என்றும் கேளுங்கள். கழிவைத் தொடும் எல்லா ஊழியருக்கும் போட வேண்டும் என்று 2016 விதிகளிலேயே இருக்கிறது, ஏஜென்சிகள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணையத்தில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கொடுக்க வேண்டும், 1987-ஆம் வருடச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் போய்க் கேளுங்கள். சம்மனோ போலீஸ் போனோ வந்த பிறகு அல்ல, இப்போதே. அந்த வக்கீலைப் பார்க்காமல் நடந்ததைப் பற்றி எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், ‘சும்மா விளக்கம்தான்’ என்று நிலையத்திலேயே கேட்டாலும்.

வேலையை விடுவதைப் பற்றி: உங்கள் கணவர் பயப்படுவது நியாயம்தான். ஆனால் இந்த நேரத்தில் சொல்லாமல் நின்றுவிட்டால், தப்பு செய்துவிட்டு ஓடியதாக மற்றவர்கள் எழுதிக்கொள்ள வசதியாகிவிடும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள். மறுபடி பிளேடைக் கையில் கொடுத்தார்கள் என்றால், அந்தக் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு ராஜினாமா எழுதுங்கள். சம்பள பாக்கி, பி.எஃப்., அனுபவச் சான்றிதழ் மூன்றையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.